முற்றத்தில் எண்ணிய ஓட்டு

லண்டன்
அக்டோபர் 11

அன்புள்ள எட்னா அக்காவுக்கு,

ஹெட்லி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எப்படி என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய். ஆகவே பொதுவாகக் கேட்கவில்லை. இருமல் எப்படி, அதை மட்டும் எழுது.

இன்று பாராளுமன்றம் கூடியது. பதினெட்டு வருஷமாக எனக்கு அதே பின்வரிசை, அதே தூணோரம். வாசலில் புதிதாக வந்த காவலர் என்னைப் பார்வையாளர் மாடத்துக்குப் போகச் சொன்னார். பேப்பரில் என் பெயர் இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது, அதிலும் ஒரு தடவை தப்பாக. உன் தம்பியின் அரசியல் இவ்வளவுதான்.

ஆனால் இப்போது காற்று என் பக்கம் வீசுகிறது. நம் கட்சிக்கு இருந்த பெரும்பான்மை இடைத்தேர்தல்களில் கரைந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கெடுப்பும் கத்தி மேல் நடைதான். அதனால் துணைக் கொறடா டேரன்ட் என்னைத் தேநீருக்கு அழைத்தார். கொறடா அறையில் எனக்குக் கிடைத்த முதல் கோப்பை.

"ஹெட்லி, உங்க தூசி மசோதாவ இந்த வருஷமே சபைக்குக் கொண்டு வர்றோம். பதிலுக்கு நீங்க ஒரு ஓட்டுக்கூடத் தவறக் கூடாது. சரிதானா?" என்றார். கை கொடுத்துக்கொண்டோம்.

பஞ்சுத் தூசி சேர்ந்து நுரையீரல் கெட்டவர்கள், மில்லில் இருபது வருஷம் இருந்ததற்குச் சீட்டு காட்டினால்தான் உதவித்தொகை என்கிற அநியாயம் ஒழியப் போகிறது, அக்கா. பிள்ளைப்பேற்றுக்கு நின்றவர்கள், மில் மூடி வெளியே வந்தவர்கள், அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பத்தொன்பதாவது வருஷம் வேலையை விட்டவர்கள், எல்லாருக்கும் கிடைக்கும். கடைசியாகச் சொன்னது யாரை என்று உனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் நான் மாடிப்படி ஏறுவதில்லை, லிஃப்ட்தான். புது ஷூ கடிக்கிறது.

உன் பிரியமுள்ள தம்பி,
ஹெட்லி

*

ஸ்கார்டேல்
அக்டோபர் 17

தம்பி ஹெட்லிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இருமல் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். நீ ராத்திரி சூடாகச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியும் பாலாடைக்கட்டியுமா?

சனிக்கிழமை கூட்டுறவுக் கடை மாடியில் உன் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்து மனுக்களை வாங்கினேன். கிழவர் என்ட்விசில் மறுபடி வந்தார். "ஓட்டுப் போட்டது ஒன் தம்பிக்கு, ஒழுகுறது என் கூரையா?" என்றார். "எவன் ஜெயிச்சாலும் ஒழுகத்தான் செய்யும், ஏணியை எடுத்துட்டு ஏறும்" என்றேன். போகும்போது சிரித்துக்கொண்டேதான் போனார்.

டேரன்ட் சிரித்தார், தேநீர் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கிற மானேஜரை நான் மில்லில் பார்த்திருக்கிறேன். அவன் சிரித்த வாரம்தான் கூலி குறையும். எழுதி வாங்கினாயா?

என்னோடு மில்லில் பஞ்சு சிக்கெடுக்கும் அறையில் நின்ற ஏடா பில்லிங்கைப் பார்க்கப் போயிருந்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியிலேயே தூங்குகிறாள். பதினெட்டு வருஷம் ஏழு மாசம் வேலை பார்த்தவள். மசோதா வருகிறது என்று சொன்னேன். "நான் இருக்குறப்பவா, போனப்புறமாடீ?" என்று கேட்டாள். 

மாடிக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அதுவரை கட்டிலைக் கீழே போட்டுக்கொண்டேன்.

ஷூ கடித்தால் வேறு ஷூ வாங்கு.

அக்கா எட்னா

*

லண்டன்
நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குத் திட்டாதே. நீ அனுப்பிய இஞ்சி கேக் வந்து சேர்ந்தது. அறையை வாடகைக்கு விட்ட அம்மாள் பாதியைத் தின்றுவிட்டாள். நான் நலம். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். நீ படுக்கையை மாடிக்கு ஏற்றிவிட்டாயா?

இந்த மாதம் நாற்பத்தொரு வாக்கெடுப்பு. ஒன்றுகூடத் தவறவில்லை. எங்களில் ஒருவன் நோயில் படுத்தால் எதிர்க்கட்சியில் ஒருவன் தானும் வராமலிருந்து கணக்கைச் சரிக்கட்டுவது இங்கே நெடுநாள் மரியாதை. போன வாரம் ஏதோ வாய்த் தகராறில் அந்த மரியாதை முறிந்துபோயிற்று. இனிமேல் படுத்தவனும் வரவேண்டும்.

எப்படி என்று கேட்பாய். நடக்க முடியாதவன் சபைக்குள் வரவேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் முற்றத்துக்குள் வந்துவிட்டால் போதும். இரண்டு கட்சிக் கொறடாக்களும் வண்டியை எட்டிப் பார்ப்பார்கள். ஆள் உயிரோடு இருந்தால் அவன் ஓட்டு எண்ணப்படும். செவ்வாய்க்கிழமை அப்படி மூன்று வண்டிகள் மழையில் நின்றன. ஒன்றில் கிடந்தவர் என்னோடு சேர்ந்து சபைக்கு வந்தவர். என்னைப் பார்த்து, "ஹெட்லி, எனக்கு அடுத்த வண்டி ஒனக்குத்தான்டா" என்று கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மசோதா புது வருஷம் பிறந்ததும் வரும் என்று டேரன்ட் சொல்கிறார்.

ஹெட்லி

*

ஸ்கார்டேல்
டிசம்பர் 12

தம்பிக்கு,

நீ நலமென்று எழுதியிருந்தாய். அசதி என்றும் எழுதியிருந்தாய். இரண்டில் எது மெய்?

ஏடா வியாழக்கிழமை போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது. நானேதான் குளிப்பாட்டிக் கிடத்தினேன். அவள் புருஷன் அடுப்படியில் நின்றுகொண்டு, "சர்க்கார் கடுதாசி இன்னிக்குக்கூட வந்துது எட்னா. இன்னும் பதினேழு மாசம் வேலை பார்த்ததுக்குச் சீட்டு வேணுமாம். எங்க போய் வாங்குறது?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தப்புதான். அப்பீலுக்கு வேண்டுமென்று மறுநாள்தான் உறைத்தது.

ஆம்புலன்ஸ் சங்கதியை இரண்டு தடவை படித்தேன். செத்தவனைப் போல் படுத்திருப்பவனை எட்டிப் பார்த்து ஓட்டு எண்ணுகிறவர்களிடம் உனக்கென்ன விசுவாசம்? கிறிஸ்துமஸுக்கு வா. வாத்து வாங்கி வைக்கிறேன்.

வெள்ளையடிக்கிறவன் இன்னும் வரவில்லை.

எட்னா

*

லண்டன்
ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள். நல்ல பெண், அயர்லாந்துக்காரி. கிறிஸ்துமஸுக்கு வரமுடியாமல் போன காரணம் இதுதான். மறைத்ததற்கு மன்னித்துவிடு.

சபைத் தாழ்வாரத்தில் விழுந்துவிட்டேன். இதயம். இரண்டாவது தடவை என்கிறார்கள். முதல் தடவை எப்போது என்று எனக்கே தெரியவில்லை, ஷூ கடித்த நாட்களில் இருக்கலாம். அடுத்த வாரம் நம் பக்கத்துக் கடற்கரையில் இருக்கும் ஆரோக்கிய இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். உனக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருக்கும். மூச்சு வாங்கினால் வராதே.

டேரன்ட் திராட்சைக் கூடையோடு வந்து பார்த்தார். மசோதா ஈஸ்டருக்கு முன்னால் நிச்சயம் என்றார். நர்ஸ் முகத்தைச் சுளிக்கிறாள். இதையெல்லாம் பேசக் கூடாதாம்.

உன் தம்பி

*

பாராளுமன்றம், கொறடா அலுவலகம்
மார்ச் 3

மதிப்புக்குரிய மிஸ் கிரிம்ஷா அவர்களுக்கு,

தாங்கள் நல்ல தேக ஆரோக்கியத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

மார்ச் 16, புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. எங்கள் கணக்குப்படி இரு பக்கமும் சமமாக நிற்கின்றன. தங்கள் சகோதரரின் ஒரு வாக்கில் அரசு நிற்கும் அல்லது விழும். அரசு விழுந்தால் அவருடைய மசோதாவும் அதோடு போய்விடும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ், நர்ஸ், பிராணவாயு அனைத்தும் எங்கள் பொறுப்பு. அவர் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். இல்லத்து டாக்டர் பயணம் கூடாது என்கிறார். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான். தங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார் என்று கேள்விப்பட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
ரோலண்ட் டேரன்ட்

*

கடற்கரை ஆரோக்கிய இல்லம்
மார்ச் 9

அக்கா,

நீ டேரன்டுக்கு எழுதிய பதிலை அவர் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறார். "என் தம்பி லாரியில் ஏற்றுகிற ஆடு இல்லை" என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு நெஞ்சு வலிக்கச் சிரித்தேன். அடுத்தவர் கடிதத்தை அனுப்புவது அழகல்லதான். ஆனாலும் போகப் போகிறேன்.

கோபப்படாமல் கேள். மாடிக்கு வெள்ளையடிக்கப் போகிறேன் என்று அக்டோபரில் சொன்னாய். மார்ச் ஆகியும் வெள்ளையடிக்கிறவன் வரவில்லையா? போன ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்திலிருந்து இந்த வாசல் வரை எத்தனை இடத்தில் நின்றாய் என்று ஜன்னலிலிருந்து எண்ணினேன். ஏழு இடம். ஒவ்வொரு இடத்திலும் பூச்செடி பார்ப்பது போல் நின்றாய். அங்கே பூச்செடியே கிடையாது.

பதினான்கு வயதில் நீ மில்லுக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தத் தூசியைத் தின்றது நீ, "மாண்புமிகு" ஆனது நான். பதினெட்டு வருஷத்தில் இந்த ஊருக்கு நான் என்ன செய்தேன்? ஒரு பஸ் நிறுத்தமும் இரண்டு விளக்குக் கம்பமும். இந்த ஒன்றையாவது செய்துவிட்டுப் போகிறேன்.

என்னைத் தடுக்காதே. தடுக்க முடியாவிட்டால் கூட வா. வண்டியில் உன் முகம் தெரிந்தால் எனக்குப் பயமிருக்காது.

ஹெட்லி

*

பாராளுமன்றம், கொறடா அலுவலகம்
மார்ச் 18

மதிப்புக்குரிய மிஸ் கிரிம்ஷா அவர்களுக்கு,

இந்தப் பெருந்துயரிலும் தாங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ள வேண்டுகிறேன்.

அரசு ஒரே ஒரு வாக்கில் வென்றது. அந்த வாக்கு தங்கள் சகோதரருடையது. டாக்டரின் சான்றிதழின்படி அவர் உயிர் ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பிரிந்தது, வாக்கு எண்ணி முடித்த பிறகு. தன் கடமை நிறைவேறியது தெரிந்தே அமைதியாகக் கண்மூடினார் என்பது நம் எல்லோருக்கும் ஆறுதல்.

அவருடைய மசோதா அவருக்கு நினைவுச் சின்னமாக நிற்கும். இது என் வாக்குறுதி.

ரோலண்ட் டேரன்ட்

*

பாராளுமன்றம், கொறடா அலுவலகம்
ஏப்ரல் 14

மதிப்புக்குரிய மிஸ் கிரிம்ஷா அவர்களுக்கு,

என் முந்தைய கடிதத்துக்குத் தங்களிடமிருந்து பதில் இல்லை. தாங்கள் நலமா எனக் கவலையாக இருக்கிறது.

ஸ்கார்டேல் இடைத்தேர்தலுக்கு லண்டனிலிருந்து ஓர் இளம் வழக்கறிஞரை நிறுத்துகிறோம். தாங்கள் அவருடன் தெருத்தெருவாக வந்தால் பெரிதும் உதவும். புகைப்படத்துக்குக் கறுப்பு உடை பொருத்தமாக இருக்கும்.

தூசி மசோதாவைப் பொறுத்தவரை, இந்தக் கூட்டத்தொடரின் காரியப் பட்டியல் நிரம்பி வழிகிறது. நிதித் துறையும் தயங்குகிறது. தற்போதைக்கு அதை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. தங்கள் சகோதரர் இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார்.

ரோலண்ட் டேரன்ட்

*

ஸ்கார்டேல்
ஏப்ரல் 19

மதிப்புக்குரிய மிஸ்டர் டேரன்ட் அவர்களுக்கு,

எட்னா கிரிம்ஷா எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

பதில் எழுதாதது மரியாதைக் குறைவால் அல்ல. ஒரு மாதமாக எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கள் அடுத்த கடிதம் வந்ததும் அது முடிந்துவிட்டது.

என் தம்பி செத்தது ஏழு பத்துக்கு அல்ல. ஆறு நாற்பதுக்கு. முற்றத்துக்குள் வண்டி வந்து நின்று கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நர்ஸ் புது பிராணவாயு உருளை கேட்டு வரப் போயிருந்தாள், டிரைவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, வந்துட்டோமா?" என்று தம்பி கேட்டான். "வந்துட்டோம்டா" என்றேன். அவ்வளவுதான். கை என் கையில் இருந்தது. எங்கள் தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்டிக் கிடத்த என்னைத்தான் கூப்பிடுவார்கள், நாற்பது வருஷமாக. தூங்குகிற கை எது, போன கை எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அப்போதுதான் தாங்கள் வந்து கதவைத் திறந்தீர்கள். அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "பாவம், அசந்து தூங்குறார். எழுப்பிடாதீங்கம்மா" என்று என்னிடமே சொன்னீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்த் தங்கள் உதவியாளரிடம் பேசினீர்கள். கண்ணாடி ஜன்னல் மூடியிருந்தது.

மில்லில் இயந்திரம் ஓடும்போது இடி விழுந்தாலும் காதில் விழாது. அங்கே நாங்கள் பெண்கள் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்துத்தான் பேசுவோம். பத்தொன்பது வருஷம் அப்படிப் பேசியவள் நான். தாங்கள் சொன்னது இது: "ஆள் போயாச்சு. மூச்சு விடாதே. மொதல்ல கணக்கு முடியட்டும், அப்புறம் டாக்டர்."

பிறகு எதிர்க்கட்சிக் கொறடா சர் லயனல் பெவரில் வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வண்டிக்குள் ஏறாமல், வாசலில் நின்றே கேட்டார்: "மிஸ்டர் கிரிம்ஷா எப்படிம்மா இருக்காரு?" ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போர்வையை விலக்கிப் பார்ப்பது அவருக்குக் கூச்சம். அந்த மனுஷர் என் முகத்தைத்தான் பார்த்தார். "இருக்காருங்க. அலுப்புல கண்ணசந்துட்டாரு" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவன் அவ்வளவு தூரம் வந்தது வீணாகக் கூடாது என்று நினைத்தேன். ஏடாவை நினைத்தேன். என் தம்பி கை சில்லிட்டுக்கொண்டிருக்கும்போது சிரித்த முகமாகப் பொய் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பற்றி எரிகிறது. அவனுக்காக நான் அழ ஆரம்பித்தபோது ஏழு பத்து, தாங்கள் கை தட்டிவிட்டு வந்து எனக்கு அனுமதி கொடுத்த பிறகு.

சர் லயனல் எனக்கு அனுதாபக் கடிதம் எழுதியிருக்கிறார், தன் கைப்பட. "நான் பார்த்தபோது முகம் நிம்மதியாக இருந்தது. கடைசியில் வலி ஏதும் இருந்ததா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் எழுதி, மணி நிமிஷத்தோடு எழுதி, மடித்து உறைக்குள் போட்டுவிட்டேன். தபால்தலைதான் ஒட்டவில்லை. தூசி மசோதாவின் நாள் காரியப் பட்டியலில் அச்சாகிறதா என்று அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன்.

பொய் சொன்னவள் நானும்தான். என்னை என்ன செய்வார்களோ செய்யட்டும்.

தங்கள் வழக்கறிஞர் தம்பிக்கு என்னோடு தெருவில் நடக்கக் கஷ்டமாக இருக்கும். நான் பத்தடிக்கு ஒரு தடவை நிற்கிறேன்.

எட்னா கிரிம்ஷா

*

பாராளுமன்றம், கொறடா அலுவலகம்
ஏப்ரல் 27

மதிப்புக்குரிய மிஸ் கிரிம்ஷா அவர்களுக்கு,

தாங்கள் நலமென நம்புகிறேன்.

தூசி மசோதாவின் இரண்டாம் வாசிப்பு மே 12, வியாழக்கிழமை. அச்சான பட்டியலை இணைத்துள்ளேன். பட்டியலில் எதிர்பாராமல் இடம் கிடைத்தது.

தாங்கள் குறிப்பிட்ட மற்றொரு கடிதத்தை நெருப்பில் போட்டுவிடுவீர்கள் என நம்புகிறேன். துயரத்தில் இருப்பவர்கள் கண்ணாலும் காதாலும் தவறாக உணர்வதுண்டு. வேண்டுமானால் நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். கார் எந்த நாளும் தயார்.

ரோ. டே.

*

ஸ்கார்டேல்
மே 1

மிஸ்டர் டேரன்ட் அவர்களுக்கு,

பட்டியல் கிடைத்தது. நன்றி. இரண்டாம் வாசிப்பு வாசல்படிதான், சட்டமாவதற்குள் இன்னும் ஐந்தாறு படி இருக்கிறதென்று என் தம்பி எனக்குச் சொல்லித் தந்திருக்கிறான்.

அந்தக் கடிதத்தை நெருப்பில் போடவில்லை. ஆத்திரத்தில் ஒரு காகிதத்தை ஒருமுறை நெருப்பில் போட்டு வருந்தியவள் நான். தபால்தலை ஒட்டி எங்கள் ஊர் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. மசோதா சட்டமான அன்று எனக்கே திருப்பித் தருவார். அதற்கு முன்னால் நான் செத்துப்போனால் அன்றைய தபாலிலேயே சேர்த்துவிடுவார். ஆகவே காரை அனுப்ப வேண்டாம்.

டாக்டர் என் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார். ஜூலையைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார். தாங்கள் கொஞ்சம் வேகமாக வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் என் உடல்நலத்தைக் கேட்டிருக்கிறீர்கள். இனிமேல் அதை மனதாரக் கேட்பீர்கள்.

எட்னா கிரிம்ஷா